பம்பரம் வரக்கூடாத கடை

அந்தப் பகுதியில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரைக் கட்டிய புருஷனே மறந்திருப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் போல ஓரிடத்தில் நிற்கமாட்டாள். காலையில் பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற வேலை, அது முடிந்த கையோடு கிறிஸ்தவச் சபை. சபையில் அவளுக்குப் பதவி கிதவி ஒன்றும் கிடையாது. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பிள்ளை படிப்பை விட்டது, எந்தக் கிழவருக்கு மருந்து தீர்ந்தது என்று கதவு கதவாகத் தட்டி விசாரிப்பதும், உதவிக்கு ஆள் பிடிப்பதும் அவள்தான். அவள் தலை தெரிந்தாலே மருந்துக்கடைக்காரர், "இன்னிக்கு யாருக்கு அக்கா?" என்று சீட்டுக்குக் கையை நீட்டிவிடுவார்.

ஊருக்கெல்லாம் ஓடியவளுக்குச் சொந்தத் தம்பியை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆலை மூடியதும் அந்தப் பகுதியில் பாதி ஆண்கள் குடியில் விழுந்தார்கள். அவனும் விழுந்தான். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறையில் அவன் தனியாகக் கிடந்தான். இவள் சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வான், வாய் திறக்கமாட்டான். கையெல்லாம் நடுக்கம், கண் மஞ்சள். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை உட்காரவிடாமல் விரட்டியது.

குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று காதில் விழுந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வராந்தாவில் அவர் பின்னாலேயே நடந்து, கார்க் கதவு வரைக்கும் போய்க் கரைத்தாள். கல்லும் கரையும், டாக்டர் கரையமாட்டாரா? "வியாழக்கிழமை மத்தியானம் வர்றேன். இடம் நீங்க குடுங்க. ஆள் வரலேன்னா வேற பகுதிக்குப் போயிடுவேன்" என்றார் அவர்.

சபையின் பின்னறையை ஒதுக்கினார்கள். போதகருக்கு வாயெல்லாம் பல். ஆனால் பின்னறைக்குப் போக முன்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் முன்கூடத்தில் பெண்கள் ஜெபம் நடக்கும். இருக்கட்டுமே, வருகிறவனுக்கு நாலு நல்ல முகம் தெரியுமே என்று எல்லாரும் நினைத்தார்கள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்பார்கள். தொடங்கி வைத்தவள் பம்பரமேதான். அவள் முதன்முதலாக அங்கே வந்தபோது மாசக்கணக்கில் ஒரு ஜீவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்த ஆதங்கம். தனக்கு நேர்ந்தது இன்னொருத்தருக்கு நேரக்கூடாது என்றுதான் செய்தாள், பாவம்.

முதல் வியாழன் டாக்டரம்மா ஈ ஓட்டினார். அடுத்த வியாழனும் அதே கதை. அதற்கடுத்த வியாழன் அவள் தம்பி வந்தான். அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை, அதற்காக வந்தான். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுவரோரமாக உள்ளே நுழைந்தான். "புதுசா ஒரு தம்பி வந்திருக்காரு!" என்று ஓர் அம்மாள் குரல் கொடுத்ததுதான் தாமதம், கூடமே எழுந்து நின்று தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் பம்பரம். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் தம்பி! என் கூடப்பொறந்தவன்! டாக்டரைப் பார்க்க வந்திருக்கான்!" என்று கத்தினாள்.

அவன் நடுக்கூடத்தில் நின்றுவிட்டான். கை நடுங்குவது தெரியாமலிருக்க இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான். கைதட்டல் ஓய்வதற்குள் திரும்பி வெளியே நடந்தான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் தேடாத இடமில்லை. இருட்டுகிற நேரத்தில் பஞ்சர் கடை மாடியில் விளக்கு தெரிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"தம்பி, கதவைத் திறடா."

"போக்கா."

"நல்லதுக்குத்தானேடா தட்டினாங்க..."

"நீங்க தட்டினது தெரு முழுக்கக் கேட்டுச்சு. குடிகாரன் வந்துட்டான், குடிகாரன் வந்துட்டான்னு. நான் நேரா கடைக்குத்தான் போனேன். நின்னுக்கிட்டே குடிச்சேன்."

"இனிமே தட்டமாட்டோம்டா. என் மேல சத்தியம்."

"தட்டலேன்னா பார்ப்பீங்க. பெட்டிக்கடைக்குப் போறவனை எவனும் ஏன்னு கேக்குறதில்ல. துணி துவைக்கப் போறவனைக் கேக்குறதில்ல. உங்க சபைப் படி ஏறினா மட்டும் எல்லாக் கண்ணும் முதுகுல."

செருப்பைக் கதவடியில் வைத்துவிட்டு இறங்கியவள் பாதிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானே என் கையால கெடுத்தேனே, நானே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சர் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். அவன் கடைசியாகச் சொன்னது மண்டைக்குள் குடையத் தொடங்கியிருந்தது.

சபைக்கு அடுத்த கட்டடம் சலவைக்கடை. காசு போட்டு, மெஷினில் துவைத்து, அள்ளிக்கொண்டு போகிற கடை. அதன் முதலாளிக்கும் சபைக்கும் எலிக்கும் பூனைக்குமான உறவு. சபையின் ஒலிபெருக்கிக் குழாய் நேராக அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தது. "கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்புறம் எதுக்கு அவரு என் காதுல வந்து கத்துறாரு?" என்பார். அவரிடம்தான் மறுநாள் போய் நின்றாள்.

"அண்ணே, கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்கே."

"கிடக்கட்டும். உங்களை என்ன பண்ணுது?"

தம்பியைப் பற்றியும், வியாழக்கிழமை டாக்டரம்மா உட்கார இடம் வேண்டும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர், "அட, அந்தப் பையனா?" என்றார். "மெஷின்ல அடுத்தவங்க மறந்துட்டுப் போன துணியையும் மடிச்சு வெச்சுட்டுப் போவானே. அவன் உங்க தம்பியா?"

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, ரூமைத் தர்றேன். ஆனா அந்தக் குழாயைத் திருப்பணும். என் கடைக்குள்ள ஜெபம், பாட்டு, நோட்டீஸு ஒண்ணும் ஆகாது. வர்றவன் கையில துணிமூட்டை இருக்கணும். முக்கியமா, வியாழக்கிழமை நீங்க இந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது."

"நானா? நான் என்ன அண்ணே பண்ணினேன்?"

"நீங்க ஒரு ஆள் வந்தா தமுக்கு அடிச்ச மாதிரி."

போதகருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம சபையோட ஊழியம். நம்ம பேர்ல ஒரு போர்டுகூட வேணாம்னா எப்படிம்மா?" என்றார்.

"போர்டு வெச்சா சபைக்குப் பேர் வரும் பாஸ்டர் ஐயா, என் தம்பி வரமாட்டான். உங்களுக்கு எது வேணும்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவரே வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறிக் குழாயைத் திருப்பினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டவர் சலவைக்கடைக்காரர். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்... இன்னும்..." என்று விட்டால் குழாயை வானத்தைப் பார்த்தே திருப்பச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளை அவள் எப்படித்தான் கழித்தாளோ! கழுவின பாத்திரத்தையே கழுவினாள். மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள். "வீட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைச்சுடாதே, வாடகை வீடு" என்றார் புருஷன். பஞ்சர் கடை மாடிக்குச் சோறு கொண்டுபோனால் தம்பி பழையபடி வாங்கிக்கொண்டான், பழையபடி பேசவில்லை. கேட்க நாக்கு துறுதுறுக்கும். கடித்துக்கொண்டு இறங்குவாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவை ஆஸ்பத்திரியிலேயே போய்ப் பிடித்தாள். "கூட்டம் வருதாங்க? ஒல்லியா, உயரமா ஒருத்தன்..." என்று இழுத்தாள். அவர் சிரித்துவிட்டு, "துணியெல்லாம் நல்லா வெளுக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கேட்டது தன் தப்பு என்றும் தெரிந்திருந்தது.

பிறகொரு வியாழக்கிழமை புருஷனோடு ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கடைப் பக்கம் போகக்கூடாதென்று சுற்றுவழியாகப் பெரிய ரோட்டுக்குப் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச்சாரியில் சந்து முனையில் சலவைக்கடை வாசல் தெரிகிறது. வாசலில் அவள் தம்பி. கையில் துணிமூட்டை. உள்ளே போகாமல் நின்றுகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். நிறுத்தத்துச் சுவரில் முகம் இடிக்கிற அளவுக்குத் திரும்பி நின்றாள். புருஷனின் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அந்த மனுஷன் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பு, பரவாயில்லை" என்றார்.

திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க. உள்ள போயிருந்தான்னா போய் எட்டிப் பார்ப்பேன். போகலேன்னா பின்னாலேயே ஓடுவேன். ரெண்டும் அவனுக்கு ஆகாது."

அவர் தலையை ஆட்டினார். அவள் கையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் வந்தபோது அவர்தான் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.