மாமன் வண்டியின் ஒற்றை விளக்கு

என் அப்பாவும் அம்மாவின் அண்ணனும் ஒரே வருஷத்தில் ஒரே மாடல் கார் வாங்கினார்கள். நாங்கள் கோயமுத்தூர் கணபதிப் பக்கம், மாமா தாராபுரத்துக்காரர். கார் விற்றவர், "மாடல் ஒண்ணுதானுங்க. இது சாதா, அது டீலக்ஸ்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஒன்றுதான் என்பதை மட்டும் அப்பா காதில் வாங்கிக்கொண்டார்.

மாமன் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் போனபோதுதான் வினை வந்தது. இரண்டு வண்டிகளும் கோயில் முன்னால் அடுத்தடுத்து நின்றன. கூட்டம் சாமியை விட்டுவிட்டுக் காரைச் சுற்றியது. மாமன் வண்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, எங்களுடையதில் ஒன்று. அதற்கு இரண்டு ஹாரன், இதற்கு ஒன்று. மழைத் தண்ணீரைத் துடைக்கும் வைப்பர்கூட எங்கள் வண்டியில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். பக்கத்தில் உட்காருகிறவர் ஊகித்துக்கொண்டு வர வேண்டியதுதான். அங்கே முன்விளக்கு வளையங்கள் வெள்ளிக் கிண்ணம்போல் மின்னின. இங்கே கறுப்புப் பெயிண்ட்.

"ஏனுங்க, இது அந்த வண்டியோட தம்பிங்களா?" என்று ஒருவர் அப்பாவிடமே கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பா அங்கே சாப்பாட்டில் கை நனைக்காமல் எங்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அடுத்த மாதம் தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைப்பது முறை. அப்பா போகவில்லை, ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

"எங்கண்ணன் வரலீன்னா எம்புள்ளைய யாரு மடியில வெக்கிறதுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மனசிருந்தா வரட்டும்" என்றார் அப்பா.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பட்டறை ஒன்றில் இன்னொரு பின்விளக்கும் இன்னொரு ஹாரனும் மாட்டிக்கொண்டு வந்தார். சாதா வண்டியில் அவற்றுக்கு ஒயரே வருவதில்லையாம். விளக்கு எரியாது, ஹாரன் கத்தாது. பார்க்க மட்டும் லட்சணமாக இருந்தது.

காதுகுத்து அன்று ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கடைசியில் மாமன் வண்டி வந்தது. பல்லடம் ரோட்டுப் புழுதி முழுவதும் அதன் மேல்தான் இருந்தது, முன்விளக்கு வளையத்தின் மினுமினுப்பே தெரியவில்லை. முன்விளக்கைத் துடைக்கலாம் என்று நான் துணியோடு ஓடினேன்.

"இருக்கட்டும் கண்ணு, துடைக்காதே" என்று மாமா தடுத்துவிட்டார்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு ஹாரன். ஒரு வைப்பர். பின்னால் ஒரே விளக்கு. அவர் முகம் மாறிப்போனது.

"என்னங்க மச்சான், ஒத்தை வெளக்கோட வந்திருக்கீங்க?"

"ஒண்ணு போதுமுங்க மாப்பிள்ளை. ரெண்டு இருந்தாலும் பின்னால வாரவனுக்குத்தானே வெளிச்சம்?" என்ற மாமா, எங்கள் வண்டியைப் பார்த்து அசந்து நின்றார். "அடேங்கப்பா! இங்க ரெண்டாயிப் போச்சுங்களா!"

அப்பா போய்ப் புது விளக்கை விரலால் சுண்டிக் காட்டினார். பிறகு, "எரியாதுங்க மச்சான். சும்மா ஒட்டி வெச்சிருக்குது" என்றார்.

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தங்கை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். பந்தியில் மாமன் இலைக்கு அப்பாவே நின்று நெய் ஊற்றினார்.

சாப்பாடு முடிந்ததும், மாமா கொண்டுவந்த வாழைத்தாரை எடுக்க அவர் வண்டியின் டிக்கியைத் திறந்தேன். தாருக்கு அடியில் ஒரு கோணிப்பை. அதற்குள் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தன. திருகாணிகள் வேட்டி முனையில் பத்திரமாக முடிந்து வைக்கப்பட்டிருந்தன.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வருகிற வழியிலேயே எல்லாம் கழன்று விழுந்திருக்கிறது. வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று பாவம், மாமா பொறுக்கி ஒளித்து வைத்திருக்கிறார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமா புறப்பட்டபோது மிச்ச உறுப்புகளாவது ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். சாதாவானாலும் எங்கள் வண்டிதான் கெட்டி என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.