அருள்புரத்தில் தைத்த நீலச் சட்டை

மே மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணி. மதுரை ஆரப்பாளையத்தில் திருப்பூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் தலைக்கு அறுபத்திரண்டு ரூபாய். தூரம் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே. திருப்பூருக்குப் போகிறவர்கள் பிழைக்கப் போவார்கள், அல்லது மொத்த விலைக்கு பனியன் வாங்கப் போவார்கள். நானும் என் மகள் சுபாவும் ஒரே ஒரு சட்டை தைக்கப் போனோம். இதைக் கண்டக்டரிடம் சொல்லவில்லை. பைத்தியங்களுக்கும் அதே டிக்கெட்தான் என்றாலும், முன் சீட்டிலிருந்து கிளப்பிவிடக்கூடும்.

சுபாவுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பில் என்னை வெட்கப்படவைக்கும் அளவுக்கு மார்க். அவள் கேட்ட பாடப் பிரிவு வேறொரு பள்ளியில்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கு ஒரு சீருடை இருந்தது. கடையில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். பத்து எண்ணுவதற்குள் கழற்றிவிட்டாள். கழுத்து லேபிள் கத்தி, விலாத் தையல் ரம்பம், துணி முழுக்க மணல். அவள் மிகைப்படுத்துகிற பெண் அல்ல. அந்த வேலையை எங்கள் வீட்டில் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பெண் சிகிச்சையாளர் மதுரையில் எங்களுக்கு இதை விளக்கியிருந்தார். தொடுகை, சத்தம், வெளிச்சம் என்று உடம்புக்கு வரும் செய்தியெல்லாம் சுபாவுக்கு ஒலிபெருக்கி வைத்த மாதிரி வருகிறது. அதோடு, விரல்களுக்கு மூளை சொல்லி அனுப்பும் வேலை வழியில் கொஞ்சம் சிதறுகிறது. அதனால்தான் பொத்தான், செருப்பு வார், பின்னல் எல்லாமே அவளுக்குத் தினசரிப் பரீட்சை. பள்ளி முடிந்து வரும்போது மூட்டை தூக்கியவள் போல் களைத்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் என் சட்டையைப் பார்த்தார். பொத்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தேன். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

புதுப் பள்ளியின் தலைமையாசிரியை நல்லவர். "அதே நீலம், அதே மூணு பொத்தான். வெளியே பார்க்க ஒண்ணா இருக்கணும், உள்ளே எப்படித் தைச்சாலும் சரி" என்றார். பணம் கட்டக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்குள் அவள் போட முடிகிற ஒரு சட்டை கிடைத்தாக வேண்டும். தவறினால் வீட்டிலிருந்தே தனித்தேர்வராகப் படிக்கலாம் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். சுபா ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. "ஸ்கூலுக்குப் போவேன். ஆனா அழுதுக்கிட்டே போக மாட்டேன்" என்றாள்.

பேருந்தில் காதில் பஞ்சு வைத்து, புத்தகங்கள் அடைத்த கனமான பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கனம் மேலே அழுத்தினால் அவளுக்கு உடம்பு ஒரு நிலைக்கு வரும். பக்கத்து வரிசை அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. பஸ்தான் சரியில்ல" என்றாள் சுபா.

அதை மறுக்க அந்த வண்டியில் யாராலும் முடியாது.

தாராபுரத்தில் தேநீர். மூன்று ரூபாய்க்கு வாங்கியதில் ஒரு ரூபாய் அளவுக்கு என் வேட்டி குடித்தது. அதன்பின் இரு பக்கமும் காற்றாலைகள், காய்ந்த சோளக் காடு, ஆட்டு மந்தை. பதினொரு மணிக்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையம். ஹாரன்களும், கட்டு கட்டாகத் துணி ஏற்றிய மொபெட்டுகளும், தமிழும் இந்தியும் கலந்து ஏலம் போடும் குரல்களும் ஒரேயடியாக வந்து விழுந்தன. சுபா கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் விரல் தடம் மாலை வரை இருந்தது. ஆனால் பல்லடம் டவுன் பஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடியபடியே அவள்தான் கேட்டு விசாரித்தாள்.

பல்லடம் போகும் வழியில், அருள்புரத்தில், என் கல்லூரித் தோழன் வேலுச்சாமி பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். வாசலிலேயே நின்றான். "வாப்பா. வா கண்ணு. முதல்ல ஊட்டுக்குப் போயி சாப்புட்டுப் போட்டு வருவோம்."

"முதல்ல சட்டை, மாமா" என்றாள் சுபா.

"ஒரே ஒரு பீஸ் தைக்கச் சொன்னா உன் ஆளுங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு பீஸுன்னா இங்க அதுக்கு சேம்பிள்னு பேரு. அதுக்குன்னே தனி ரூம் வெச்சிருக்கறேன். பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்கு முன்னால ஒரு பீஸ் தைச்சு அனுப்போணும். பையர், அதான் சரக்கு வாங்கறவன், அதைப் போட்டுப் பாத்து, இங்க சரியில்ல அங்க சரியில்லன்னு கமெண்ட்ஸ் அனுப்புவான். மறுபடி தைப்போம். அவன் ஓகே சொல்றவரைக்கும் விட மாட்டான். சொல்லிப்போட்டா எங்களுக்கும் நிம்மதி."

தையல் கூடத்தைக் கடந்துதான் அந்த அறைக்குப் போக வேண்டும். நூறு மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்தின. டியூப் லைட் வெளிச்சம், நீராவி, மெஷின் எண்ணெய் வாடை. சுபா வாசலில் நின்றுவிட்டாள். திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பையை நெஞ்சோடு அணைத்து, ஏதோ ஒரு ஒற்றை ஸ்வரத்தை முனகிக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். நான் பின்னால் ஓடி, ஒரு துணிக்கூடையில் இடித்துக்கொண்டேன்.

சேம்பிள் டெய்லர் எஸ்தர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வேலுச்சாமி ஒரு நீலத் துணிச் சுருளைக் கொடுத்தான். குழாய் வடிவிலேயே பின்னப்பட்ட துணி என்பதால் விலாவில் தையல் தேவையில்லை. ஏதோ பழைய ஆர்டரில் மிஞ்சியது. மூன்று சட்டைக்குத்தான் வரும், அந்த நீலம் வேறெங்கும் இல்லை.

முதல் சட்டை ஒரு மணிக்கு வந்தது. சுபா போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கன குத்துது, மக்கா?" என்றார் எஸ்தர்.

சுபா திகைத்தாள். இத்தனை வருஷமாக அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி, "குத்துதா என்ன?" என்பதுதான். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. "தோள்ல. ரெண்டு பக்கமும். வலது பக்கம் ஜாஸ்தி. கை முடியற இடத்துல நூல் முடிச்சு இருக்கு."

"பையர் இத்தனை தெளிவாச் சொன்னா நானெல்லாம் ஏன் பிரஷர் மாத்திரை சாப்படறேன்?" என்றான் வேலுச்சாமி.

எஸ்தர் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார்: "பொத்தான் மூணையும் சும்மா மேல ஒட்டித் தைச்சிருவோமா? தலை வழியாப் போட்டுக்கலாம்."

"வேண்டாம்க்கா. பொத்தான் எனக்கு வரும். நேரந்தான் ஆகும்."

எஸ்தர் பொத்தான் டப்பாவைத் துழாவினார். அடுத்த சட்டையில் பெரிய பொத்தான்களை, அடியில் நூல் சுற்றி, ஒரு காம்பின் மேல் நிற்கிற மாதிரி வைத்தார். பிடிக்கச் சுலபம். தோள் தையலும் தட்டையானது. ஆனால் அக்குள் இடித்தது. மூன்றாவதற்கு வெட்டினார்கள். இடையில் கரண்ட் போய், ஊரே ஒரு மூச்சு விட்ட மாதிரி அமைதியானது. சுபா அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள். உடனே ஜெனரேட்டர் கத்தியது.

மாலை நாலரைக்கு மூன்றாவது சட்டை வந்தது. அயர்ன் போட்டு, பாலித்தீன் உறையில். சுபா உள்ளே போனாள். போன வேகத்தில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"லேபிள் இருக்கு."

இருந்தது. பின் கழுத்தில், சைஸ் எண்ணோடு, நான்கு பக்கமும் அடித்துத் தைத்த பளபளப்பான லேபிள். எந்தச் சனியனிடமிருந்து தப்பிக்க நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வந்தோமோ, அதையே கௌரவமாக வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

எஸ்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கை பழக்கம், மக்கா. லேபிள் வைக்காட்டி அது பீஸே இல்லன்னு இருபது வருஷமா... குடு, பிரிச்சுத் தாரேன்."

"நானே பிரிக்கிறேன்" என்றாள் சுபா.

துணி தீர்ந்துவிட்டது. அந்த மெல்லிய துணியில் கத்தரி முனை ஒரு நூல் தவறினால் பின்னல் கண்ணி பிரிந்து ஓட்டை ஓடும். சுபாவின் விரல்களைப் பற்றி எனக்குத் தெரியும்; அவை என் விரல்களின் வாரிசுகள். "அக்காகிட்ட குடும்மா" என்றேன்.

"வேற டிரெஸ் வாங்கினாலும் லேபிள் இருக்கும்பா. அப்ப யாரு வருவா?"

எஸ்தர் தன் டிரிம்மரை, அதாவது நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை, அவள் கையில் கொடுத்தார். நாற்காலியைத் தள்ளிப்போட்டு, விளக்கைத் தாழ்த்தினார். தொடவில்லை. சுபா நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகத் தேடினாள். கத்தரி இருமுறை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த வேலுச்சாமியை எஸ்தர் கண்ணாலேயே நிறுத்தினார். முதலாளியை அப்படிப் பார்க்க அந்த அறையில் அவருக்கு மட்டும் உரிமை இருந்திருக்க வேண்டும். ஊர் திரும்ப நினைத்திருந்த ஆறு மணி பஸ்ஸை நான் மனதுக்குள் வழியனுப்பிவிட்டேன். மூன்று பக்கம் பிரிந்தது. நான்காவது பக்கத்தில் கத்தரி வழுக்கியது.

ஒரு சின்ன ஓட்டை. மிளகு அளவு.

"செக்கிங்ல போனா இது ரிஜெக்ட்" என்றான் வேலுச்சாமி, வாய்தவறி.

சுபா ஓட்டையில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு மீதி நூலையும் வெட்டி லேபிளைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நெடுநேரம் பொத்தானோடு மல்லுக்கட்டி, மூன்றும் சரியான ஓட்டையில் இருக்க வெளியே வந்தாள்.

"ஓட்டை குத்தல" என்றாள்.

எஸ்தர் அந்த ஓட்டையின் ஓரம் ஓடாமல் இரண்டு தையல் மட்டும் போட்டுவிட்டார், அவள் அனுமதி கேட்டு. வேலுச்சாமி கூலி வாங்க மறுத்தான். "இதே துணி மறுபடி மெஷின்ல ஓட்டும்போது இன்னும் நாலு பீஸ் அனுப்பறேன். லேபிள் வெச்சா அந்தக்கா சம்பளத்துல புடிச்சுக்கறேன்." எஸ்தர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏழு மணி பேருந்தில் சுபா அந்தச் சட்டையோடேயே ஏறினாள். அதுதான் உண்மையான சோதனை: ஐந்து மணிநேரம், மே மாத வியர்வை, ரெக்ஸின் சீட். நான் ஊரைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அன்பானவர்களுக்குக் குறைவில்லை. எல்லாரும் சுபாவிடம் "போடப் போடப் பழகிடும்" என்றுதான் சொல்வார்கள். திருப்பூரில் யாரும் அதைச் சொல்லவில்லை. சட்டை உடம்புக்குச் சரியில்லை என்றால் அங்கே சட்டையைத்தான் பிரிக்கிறார்கள். தொழில் அப்படி.

தாராபுரம் போனது. குத்துகிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவள் காதுப் பஞ்சை எடுத்தாள்.

"அப்பா, திங்கக்கிழமை ஃபீஸ் கட்ட நானும் வர்றேன். ஓட்டையப் பத்தி ஹெச்.எம்.கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். மேற்கொண்டு பேசிக் காரியத்தைக் கெடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஜன்னல் அவள் பக்கம் இருந்தது. அதனால் திண்டுக்கல் வரைக்கும் கண்டக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் இரண்டு முறை திரும்பி, என்ன சார் வேணும் என்று கேட்டார்.