பிலோமினா அக்கா சிரித்த நாள்

போன மாதம் ஜொகூர் பாருவில் ஓர் ஒட்டுக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு சுவரொட்டி வந்தது. எட்டுப் பேர் கோட்டும் மாலையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமா, தேர்தலா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் தபால்தலை அளவுக்கு லாபிஸ் சவரியின் முகம். கீழே, 'நகைச்சுவைச் சக்கரவர்த்தி அமரர் கவரிமுத்து முதலாமாண்டு நினைவேந்தல்' என்று போட்டிருந்தது. சவரிமுத்து கவரிமுத்துவாகியிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் அழுகிற பொம்மை முகம் போட்டிருந்தார்கள். பெயர் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அழுகிற அவசரத்தில் படிக்க நேரம் கிடைத்திருக்காது.

உங்களுக்குச் சவரியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. எண்பதுகளின் கடைசியில் லாபிஸுக்கும் பெக்கோக்குக்கும் ஓடிய பேருந்தில் அவர் கண்டக்டர். இன்றைக்கும் ஏதாவது பழைய லாரி டீசல் புகையைக் கக்கிக்கொண்டு போனால் எனக்குப் பசி எடுக்கும். காரணம் அந்தக் காலைப் பேருந்துதான். டீசல் வாடையும் மடிமேல் வைத்திருக்கும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அதற்கு நடுவில் சவரியின் வாய். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மூக்கால் பேசுவது, கூடையில் கோழி வைத்திருக்கும் கிழவி கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சண்டை போடுவது, அந்தக் கோழியின் அபிப்பிராயம், எல்லாம் அந்த ஒரு வாயிலிருந்தே வரும். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் பெக்கோக் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. நானும் ஒருவன். அலுவலகத்தில் பேருந்து பழுது என்று சொல்வேன்.

சாயங்காலங்களில் நாங்கள் ஓர் இசைக்குழு நடத்தினோம். முனியாண்டி டோலக். நான் கீபோர்டு. நான் வாசிப்பதைக் கேட்க யாரும் வரவில்லை என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் சவரிக்காகத்தான் வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவோ மாதா கோயில் பெருவிழாவோ, "சவரி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய் விரிப்பார்கள்.

எங்கள் வட்டாரத்துக் கலை மன்றத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். இன்னும் இருக்கிறார். அவர் இல்லாத காலத்தை நான் பார்ப்பேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மைக்கை மூன்று முறை தட்டுவார். பெல்ட்டைப் பிடித்துக் காற்சட்டையை மேலே ஏற்றுவார். பிறகு, முன்னால் ஒன்றுமே சொல்லாமல், "ஆகவே" என்று பேச்சைத் தொடங்குவார். எதனால் ஆகவே என்று யாரும் கேட்டதில்லை. "ஆகவே, நான் அதிகம் பேச விரும்பவில்லை" என்பார். முக்கால் மணி நேரம் போகும்.

ஒருமுறை பள்ளி மண்டபத்தில் நிகழ்ச்சி. தலைவர் வரத் தாமதம். "அவரு வர்ற வரைக்கும் எதாச்சும் பேசுங்க லா" என்று சவரியை மேடையில் தள்ளினார்கள். அவர் மைக்கை மூன்று முறை தட்டினார். காற்சட்டையை ஏற்றினார். "ஆகவே," என்றார். மண்டபம் அலறியது. அவர் பேசி முடிக்கும் நேரத்தில் தலைவர் வாசலில் நின்று தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். மனிதர் மேடையேறி அதே பேச்சை வரி பிசகாமல் பேசினார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே! ஒவ்வொரு வரிக்கும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை விருந்தினர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

மறு வாரம் மன்றத்திலிருந்து ஆள் வந்தது. சவரியை மேடையேற்றினால் இந்த மாவட்டத்தில் எந்த நிகழ்ச்சியும் எங்களுக்குக் கிடையாதாம். குழுவின் செயலாளர் நான். நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை நான் செய்யவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போய், சவரியின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, கொஞ்ச நாளைக்கு வேணாம் லா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் குரலிலேயே, நான் எச்சில் விழுங்கியது உட்பட, "கொஞ்ச நாளைக்கு வேணாம் லா" என்று திருப்பிச் சொன்னார். ஒரு கோழையின் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தக் கொஞ்ச நாள் அவர் சாகும்வரை நீண்டது. சவரி இல்லாத குழு இரண்டே வருஷத்தில் கலைந்தது. பேருந்துகளில் கண்டக்டர்களை நிறுத்திவிட்ட பிறகு அவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். மேடை மட்டும் கிடைக்கவே இல்லை. போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதர் ஜெபத்தை முடித்திருந்தார். பெட்டியைக் கோயிலுக்கு எடுக்கவேண்டிய நேரம். அப்போது தலைவர் ஆறு பேரோடு வந்தார். கூட வந்த படக்காரர் சவரியின் மனைவி பிலோமினா அக்காவிடம், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மலர்வளையத்துல பேரு மறைக்குது" என்றார். மறைந்தது செத்தவரின் பெயரல்ல, தலைவரின் பெயர். அக்கா தள்ளி நின்றார்.

சாவு வீட்டுக்கும் மைக் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் மூன்று முறை தட்டினார். காற்சட்டையை ஏற்றினார்.

"ஆகவே…"

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் அடக்க முடியவில்லை. சிரிப்பு. "அம்மா, வேணாம்மா, ப்ளீஸ்" என்று கையைப் பிடித்த மகள் அனிதாவுக்கும் தொற்றிக்கொண்டது. முனியாண்டி கூடாரத்துக்குப் பின்னால் ஓடிப்போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவரோ உருகிப்போனார். "அழுங்கள் தாயே, அழுது தீர்த்துவிடுங்கள்" என்றார். அக்கா பெட்டியின்மேல் சாய்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மாறியபோது பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

'மன்றம் குடும்பத்துக்கு என்றென்றும் துணை நிற்கும்' என்று முடித்தார் தலைவர். அந்தத் துணை, கார் கதவு சாத்தும்வரை நின்றது. ஞாயிறுதோறும் பெக்கோக்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து அக்காவைப் பூசைக்கு அழைத்துப்போனவர் முனியாண்டி. விபூதிப் பட்டையோடு கோயில் வாசல் மரத்தடியில் பூசை முடியும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுச் சீனத்தி தமிழ் பேசத் தெரியாமல் வாரக்கணக்கில் கேட்டில் கஞ்சித் தூக்கை மாட்டிவிட்டுப் போனார். அனிதாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. நினைத்த நேரத்தில் வந்துபோக முடியாது. ஆகையால் அலுவலகம் அலுவலகமாக ஏறி வீட்டுப் பத்திரத்தையும் மின்சாரக் கணக்கையும் அக்கா பெயருக்கு மாற்றியது நான். விண்ணப்பப் பாரம் நிரப்புவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாக வந்த கலை. குழாயையும் சரிசெய்கிறேன் என்று கைவைத்து அடுப்படியை வெள்ளக்காடாக்கினேன். "தம்பி, நீங்க பாரமே நிரப்புங்க" என்றார் அக்கா.

சுவரொட்டி வந்த மறுநாள் மன்றத்திலிருந்து அழைத்தார்கள். குடும்பத்தை மேடையில் உட்காரவைக்க வேண்டுமாம். சவரி மேடையில் போட்ட கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டுமாம். அக்காவிடம் கேட்டேன்.

"நான் வரல தம்பி. நீங்களே சொல்லிடுங்க. நான் போய்ச் சொன்னா சிரிச்சிருவேன்."

தலைவரை நேரில் போய்ப் பார்த்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். "அவங்க வரமாட்டாங்க. அவர நீங்க மேடையேற விடல. இப்ப அவரு குடும்பத்த ஏத்த வேணாம்."

"யாரு விடல?" என்றார். உண்மையான ஆச்சரியம். "சவரி மேல எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா?"

நண்பரே, அந்த ஆள் நடிக்கவில்லை. மறந்தே போயிருந்தார். ஒரு மனிதனின் வாயை ஆயுளுக்கும் கட்டிப்போட்டது, நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவருக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. வெறுப்பதற்குக்கூடக் கொஞ்சம் சரக்கு வேண்டும். அவரிடம் அதுவும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நினைவேந்தல் நடந்த நாளில் நாங்கள் லாபிஸில் அக்கா வீட்டில் இருந்தோம். காலையில் பூசை, கல்லறையில் பூ, மத்தியானம் அக்கா சமைத்த நெத்திலிச் சம்பல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அனிதா கேட்டாள்.

"அங்கிள், அப்பாவோட வாய்ஸ் உங்ககிட்ட எதாச்சும் இருக்கா? என் போன்ல நெறைய வீடியோ இருக்கு. எல்லாத்துலயும் வேற யாரோட குரல்லயாச்சும்தான் பேசுறாரு."

என்னிடம் ஒரே ஒரு கேசட் இருந்தது. ஒத்திகை நாளில் சவரி சும்மா உட்கார்ந்து கதை பேசியது. அதன்மேல் ஒருநாள் என் கீபோர்டு பயிற்சியைப் பதிவுசெய்துவிட்டேன். அதையும் சொன்னேன். அனிதா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முனியாண்டி கிராணி மாதிரிப் பேசிக் காட்டினார். கோழிக்கிழவியையும் செய்தார். சுமாராக வந்தது. அக்கா சிரித்துவிட்டு, "அதெல்லாம் வரும். என்கிட்ட மட்டுந்தான் அவரு சொந்தக் குரல்ல பேசுவாரு" என்றார். "காலையில எந்திரிச்சு, 'பிலோ, தண்ணி சுட்டுச்சா'ம்பாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். இன்னொரு தடவை, குரலைத் தாழ்த்தி, "பிலோ, தண்ணி சுட்டுச்சா" என்றார். தலையை ஆட்டினார். அனிதா சொல்லிப் பார்த்தாள். முனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"இல்ல தம்பி," என்றார் அக்கா. "அப்படி இல்ல."