கால் பட்டால் கும்பிடுகிற ஊரில் ஜூடோ

ஆளைக் கீழே தள்ளச் சொல்லிக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஓர் அடி தள்ளி நிற்பார்கள். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கபடியோ கோகோவோ சொல்லிக் கொடுக்கப் போனால் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஜூடோ என்றால் கராத்தேவா என்று கேட்பார்கள். இல்லை, அடிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது, சட்டையைப் பிடித்து எறியணும் என்று விளக்கினால், அதுக்கு எதுக்கு மிஸ் கிளாஸு என்பார்கள்.

எனக்கு ஊர் ஒடுகத்தூர். வேலை கிடைத்தது ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். திருப்பத்தூர் போய் பஸ் மாற வேண்டும். அதைத் தவறவிட்டால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு தூக்கம் வரும். கண்ணைத் திறந்தால் வெளியே ஒன்றுமே இருக்காது, வெறும் வெள்ளை. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது. இந்த மலையில் நான் பார்த்ததில் பாதியை நிஜமாகவே பார்த்தேனா, அரைத்தூக்கத்தில் பார்த்தேனா என்று இன்றும் சந்தேகம்தான். கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுவதற்கு ஒரு வகுப்பு

ஜூடோவில் முதல் பாடம் தள்ளுவது அல்ல, விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, நம் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் சாய வேண்டும். முதுகு தரையில் படும்போது இரண்டு கையாலும் தரையைப் பட்டென்று அறைய வேண்டும். விழுகிற வேகத்தைக் கை வாங்கிக்கொள்ளும், தலை தப்பிக்கும். இதற்கு மெத்தை வேண்டும். கேட்டு எழுதினோம். வருகிறது வருகிறது என்றார்கள். அது வருவதற்குள் நான் கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியதால், சாக்குகளில் சாமை வைக்கோலைத் திணித்து, பள்ளிக்கூடத்துத் தகர ஷெட்டில் நெருக்கமாக அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

பிள்ளைகள் அழகாக விழுந்தார்கள். ஆனால் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. வைக்கோல் வாசம் ஒரு பக்கம், தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் ஒரு பக்கம், கதவு வழியாகப் பனிமூட்டம் வேறு மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. வரிசையாகப் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். விசில் ஊதினேன். கத்தினேன். அசைவே இல்லை. விழுந்ததும் எப்படித் துள்ளி எழுந்திருக்க வேண்டும் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று கோபத்தோடு நானும் விழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்தவளுக்கு எழுந்திருக்க மனசே வரவில்லை. பக்கத்தில் கோமதி கிடந்தாள். பத்தாம் வகுப்பு, அதிகம் பேசாத பெண். கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "அவசரம் இல்ல மிஸ். மூட்டம் போனதும் எழுந்துக்கலாம்."

கணக்கு சார் பறந்தது

அடுத்த பாடம் ஓ-கோஷி. இடுப்பில் ஏற்றி எறிவது. நேராக ஊன்றி நிற்கிற ஆளை எந்தப் பயில்வானாலும் சுலபமாகத் தூக்க முடியாது. முதலில் அவனை நம் பக்கமாக இழுத்து, அவன் பாரம் முழுக்கக் கால்விரல் நுனிக்கு வரும்படி செய்ய வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்தது. பிறகு அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி, முட்டியை மடக்கி, நம் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். முட்டியை நிமிர்த்தினால் போதும், புளி மூட்டை முதுகில் ஏறுகிற மாதிரி ஆள் தானாக ஏறிவிடுவான். பலத்தைக் காட்டித் தூக்குகிறவன் மூச்சு வாங்கிச் சாவான்.

எங்கள் கணக்கு சார் நல்ல கனமான மனிதர். தினமும் ஷெட் வாசலில் வந்து நின்று டீயைக் குடித்துக்கொண்டே கேலி செய்வார். இந்தச் சுண்டைக்காய்கள் என்னைத் தூக்கிடுமா என்று ஒருநாள் அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். சின்னப் பெண் கூப்பிடுகிறாளே என்று மரியாதைக்கு ஓர் அடி முன்னால் வைத்தார் மனிதர். அவ்வளவுதான். கோமதி திரும்பியதும் தெரியவில்லை, குனிந்ததும் தெரியவில்லை. கணக்கு சாரின் இரண்டு பாதங்களும் மூட்டத்துக்குள் நிதானமாக மிதந்து போனதை மட்டும் பார்த்தேன். இத்தனை நாள் வாசலில் நின்று பார்த்த புண்ணியம், கீழே வரும்போது கையால் தரையைச் சரியாக அறைந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். கடைசியில் கண்ணைத் திறந்து சொன்னார்: "மேல இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க மிஸ். வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

பாவத்தில் முன்பணம் கிடையாது

தொல்லை ஆரம்பித்தது காலைத் தட்டுகிற பாடத்தில். ஜப்பான்காரர்கள் இதற்கு தே-ஆஷி-பராய் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எதிராளி ஓர் அடி எடுத்து வைக்கிறாள். பாதம் தரையைத் தொடப் போகிறது, உடம்பின் பாரம் இன்னும் அதில் முழுசாக இறங்கவில்லை. அந்தக் கண்ணிமைப்பில் நம் உள்ளங்காலால் அந்தப் பாதத்தை அது போகிற திசையிலேயே தள்ளிவிட வேண்டும். கை அவளைக் கீழே இழுக்க வேண்டும். முந்தினால் காற்றைத் தட்டுவோம். பிந்தினால் கம்பத்தை உதைத்த மாதிரி நம் விரல்தான் வீங்கும். நேரம் சரியாக அமைந்தால், வாசலில் கிடக்கிற செருப்பை ஒதுக்குகிற பலம்கூட வேண்டாம்.

ஆனால் நம் ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கால் ஒருத்தர்மேல் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பஸ் நெரிசலில்கூடக் கை தானாகப் போகிறது. ஷெட் முழுக்க அதேதான் நடந்தது. தட்டுவதும் குனிவதும், தட்டுவதும் கும்பிடுவதும். ஜூடோ வகுப்பா, திருவிழாவா என்று தலையில் அடித்துக்கொண்டேன். போட்டியில் இது விளையாட்டில்லை. எதிராளி பக்கவாட்டில் விழுந்தால் பாதி வெற்றிதான், சண்டை நிற்காது. அந்த நேரத்தில் தொட்டுக் கும்பிடக் குனிந்தால், கழுத்தை நாமே நீட்டிக் கொடுத்த மாதிரி. கோமதி எல்லாரையும்விட நன்றாகத் தட்டுவாள். எல்லாரையும்விடப் பக்தியாகவும் குனிவாள். கீழே விழுந்தவள் அவள் காலரைப் பிடித்து உருட்டிவிடுவாள்.

திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். போட்டி தொடங்கும்போது ரெண்டு பேரும் தலை குனிந்து வணக்கம் வைக்கிறீர்கள் இல்லையா, இனிமேல் படப்போகிற கால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதையே மன்னிப்பாக வைத்துக்கொள் என்றேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. கோமதி சொன்னாள்: "செய்யறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேட்டா, அது தெரிஞ்சே செய்யற தப்பு ஆய்டுமே மிஸ்."

தூக்கத்திலும் ஓயாத கால்

எங்கள் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். கோமதியின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் தங்கையையும் அனுப்பச் சொல்லி அங்கே பேசியும் வைத்துவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. கீழே விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், கோமதியின் எடையில் ஒரே ஓர் இடம், அதை ஜெயித்தால் சாப்பாடு, தங்க இடம், ப்ளஸ் டூ வரை படிப்பு எல்லாம் இலவசம் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கோமதிக்கு அதில் உயிர். வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றாலும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா புளி தட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு, விரலெல்லாம் புளிக்கறையோடு வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவர்களோ படியில் உட்கார்ந்து, மலைச்சரிவைப் பார்த்தபடி விரலில் ஒட்டிய புளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஆசைப்படுவது தெரிகிறது, கம்பெனி என்றால் நிச்சயம், போட்டி என்றால் நிச்சயமில்லையே என்று மெதுவாகக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிளம்பும்போது அவர்களாகவே சொன்னார்கள்: "தூக்கத்துல என் காலத் தட்டி வுடுது மிஸ். அப்புறம் கண்ணத் தொறக்காமயே தொட்டுக் கும்புட்டுக்குது. இதுக்கு மேல நான் இன்னாத்தத் தடுக்கறது?"

காற்றைப் பெருக்குதல்

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. எதிராளி முதுகு முழுக்கத் தரையில் படும்படி, சுத்தமாக, வேகமாக விழுந்துவிட்டால் அது முழுப்புள்ளி. ஆட்டம் அதோடு முடிந்தது. அப்புறம் யாரும் யார் கழுத்தையும் பிடிக்க முடியாது. கோமதியைக் கூப்பிட்டேன். அரைகுறையாகத் தட்டிவிட்டுக் கும்பிட்டால் தோற்பாய், முழுசாகத் தட்டிவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு இரு, உன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

அதற்குப் பிறகு காலையில் நான் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிற அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் மைதானத்தில் அவள் இருப்பாள். மாசிப் பனியில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஓர் அடி வைப்பாள், ஒரு காலை வீசுவாள், மறுபடி ஓர் அடி. பலா மரத்தடியில் உதிர்ந்த இலைகளை உள்ளங்காலால் சத்தமில்லாமல் ஒதுக்கிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவாள். நான் பல் தேய்க்க மறந்து நின்றுகொண்டிருப்பேன். கணக்கு சாரும் ஒருநாள் டீ டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நின்றார். கேலி செய்யவில்லை. ரகசியம் மாதிரி கேட்டார்: "அந்தப் பொண்ணு காத்தையா மிஸ் பெருக்கிட்டு கீது?"

தரை காணாமல் போனது

கீழே தேர்வு நடந்த இடத்தில் நிஜ மெத்தை போட்டிருந்தார்கள். கோமதி அதை விரலால் அழுத்திப் பார்த்து, வைக்கோல் வாசமே இல்லையே மிஸ் என்று மட்டும் சொன்னாள். முதல் ஆட்டத்தை இடுப்பு வீச்சில் முடித்தாள். அதில் கால் படுகிற சங்கடம் இல்லை. கடைசி ஆட்டம் படவேட்டுப் பக்கத்து நந்தினியோடு. நெடுநெடுவென்று வளர்ந்த பெண். ஜெயிக்கிறவளுக்கு விடுதி. தோற்றால் கோமதி திருப்பூர் போக வேண்டியதுதான்.

கோமதி தட்டினாள். நந்தினி பக்கவாட்டில் விழுந்தாள். பாதிப் புள்ளி. வேண்டாம்டி என்று நான் மனசுக்குள் கத்துவதற்குள் கோமதியின் கை தொட்டுக் கும்பிடப் போய்விட்டது. நந்தினி காலரைப் பிடித்து உருட்டி, மேலே ஏறி அமுக்கிவிட்டாள். கோமதி நெளிந்து வெளியே வருவதற்குள், பத்து நொடி அமுக்கி வைத்ததற்காக நந்தினிக்கும் பாதிப் புள்ளி கொடுத்துவிட்டார்கள். சரிக்குச் சரி. அடுத்து விழுகிறவள் தோற்றாள். நான் விசில் கயிற்றைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து உடையைச் சரிசெய்யும்போது கோமதி என்னைப் பார்த்தாள். முழுசா என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

மறுபடி பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். என்ன ஆச்சோ, மின்விசிறிச் சத்தம், கூட்டம், எல்லாம் என் காதில் அடங்கிப்போயிற்று. நந்தினி ஓர் அடி எடுத்து வைத்தாள். கோமதியின் கால் போனதை நான் பார்க்கவில்லை. நந்தினி மல்லாந்து படுத்திருந்தாள், தூங்குகிறவள் மாதிரி. நடுவரின் கை நேராக மேலே போயிற்று. முழுப்புள்ளி. கோமதி குனிந்து, நந்தினியின் பாதத்தைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நடுவர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் தன் இடத்துக்குப் போனாள். விடுதிக்கு அவள் பேரைக் கூப்பிட்டபோது நான் அழுதேன். வெட்கமே படவில்லை, நன்றாக அழுதேன்.

முகம் கழுவக் குழாயடிக்குப் போனோம். நந்தினி அங்கே நின்றிருந்தாள், கண் சிவந்திருந்தது. இடம் போன துக்கம் அவளுக்கும் இருக்காதா? எதுக்கு என் காலைத் தொட்டே என்று கேட்டாள். என் கால் உன்மேல் பட்டுவிட்டது, பாவம் இல்லையா என்றாள் கோமதி, தலையை நிமிர்த்தாமல். நந்தினி குழாயைத் திருகி மூடினாள். நடந்ததை மறுபடி நினைத்துப் பார்க்கிறவள் மாதிரி தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எம்மேல ஒண்ணும் படலயே. தரைதான் காணாம போச்சு."

இப்போது கோமதி கீழே விடுதியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், நானோ மலைமேல் மூட்டத்துக்குள் நின்றுகொண்டு, தட்டியதும் குனிகிற அடுத்த கூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், எனக்கு விமோசனமே கிடையாது.