ஏழாம் நம்பர் காட்டுத் தேயிலை

செம்பாக்கத்து போர் தண்ணீரில் கட்டன் சாயா போட்டால் மேலே ஓர் ஆடை படிகிறது. பாலே ஊற்றாத டீக்கு எங்கிருந்து ஆடை வரும் என்று கேட்காதீர்கள், வருகிறது. சாயம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் சிந்தியது போல மெல்லிதாகப் படர்ந்து நிற்கும். கரண்டியால் விலக்கினால் கிழிந்து, மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் பாலைக் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, பொங்க விட்டு, ஆற்றி, நுரையோடு குடிக்கிறார்கள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று நானும் அதைக் குடித்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிப்பெரியாருக்கு மேலே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, குமுளி வழியாகக் கீழே இறங்கி வந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குள் டீ என்றால் நமக்குக் கட்டன்தான். அங்கே ஓடைத் தண்ணீரில் போட்டால் டம்ளரின் அடி தெரியச் சிவப்பாக நிற்கும். அம்மா இங்கே வந்த முதல் நாள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி செத்துக் கெடக்கு புள்ள" என்றாள்.

கேன் தண்ணீரில் ஆடை வராது. ஆனால் அதில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று அம்மா அதைத் தொடவில்லை. கேன் போடும் பாபு அண்ணனுக்கு இதில் பெரிய வருத்தம். "ஆர்.ஓ. வாட்டர்கா இது, இதுல இன்னா வாடை வரப்போவுது? நீங்கல்லாம் கேரளா. அங்க ஆத்துத் தண்ணிய குட்சிகினு இருந்தவங்களுக்கு இங்க எல்லாமே பேஜாராத்தான் கீது" என்றார். நான் தமிழ்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மலையில் மூன்று தலைமுறையாக எங்களைத் தமிழர்கள் என்று சொல்லித் தள்ளி உட்கார வைத்தார்கள். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தால் பாபு அண்ணனிடம் காட்டியிருப்பேன். கடைசியில் அம்மா போர் தண்ணீருக்கே திரும்பினாள். ஆடையைக் கரண்டியால் எடுத்து எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பாள். வடிகட்டிய சக்கையை மட்டும் வீணாக்க முடியாது. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டு ஓனர் எஸ்தர் அக்கா, ரிட்டயர்டு டீச்சர், காம்பவுண்டு ஓரத்தில் வரிசையாகத் தொட்டி வைத்து ரோஜா வளர்க்கிறார். டீச்சக்கை ரோஜாவுக்கு நல்லது என்று தினமும் கேட்டு வாங்கிக்கொள்வார். "இந்த ஊர்ல சக்கைக்குக்கூட ஆள் இருக்கு" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

அம்மா ஆசைப்பட்டு இங்கே வரவில்லை. லயத்தின் சட்டம் மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் பெயராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் அந்த வீடு. நான் எனக்குக் கொழுந்துக்கூடை வேண்டாம் என்று படித்துக் கீழே இறங்கி, தாம்பரத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் துணி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அவள் இருந்த வீடு அது, ஒரு செங்கல்கூட அவளுடையது இல்லை. அங்கே எங்களுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழாம் நம்பர் காட்டு ஓரத்தில், லயத்து ஆட்களைப் புதைக்கும் வரிசையில் அப்பாவைப் புதைத்த இடம். தேயிலைத் தோட்டத்தை நாங்கள் நம்பர் போட்டுக் காடு என்றுதான் சொல்வோம். அந்த ஏழாம் நம்பரில்தான் அப்பா கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து கிள்ளினாள். சமாதி கட்ட விடமாட்டார்கள் என்பதால் அடையாளத்துக்கு அம்மா ஒரு சிவப்பு குரோட்டன்ஸ் நட்டிருந்தாள். அப்பாவின் தலைமாட்டில் நடவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, அதற்கு அந்தப் பக்கம் நட்டிருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மாடியில் ஒரு தேயிலைக் கடை திறந்தார்கள். முழு இலைத் தேயிலை, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, கண்ணாடிக் கெண்டி, மணல் கடிகாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டி, எப்படி ருசிப்பது என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல இலையாவது கிடைக்கட்டும் என்று அம்மாவை ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். கடைக்காரர் நிகில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர், மரியாதையான பையன். இலையை முதலில் பார்க்க வேண்டும், பிறகு முகர வேண்டும், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அதைக் கொல்லக்கூடாது, வாயில் வைத்து நிதானமாக உருட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். ஈர மண், காட்டுப்பூ, கடைசியில் ஒரு தேன் என்றார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இன்னும் வேகலயே" என்று ரகசியமாகச் சொன்னாள். நிகில் அவளிடமே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. நாங்க இதக் குடிச்சதில்ல."

"ஓ, நீங்க காபி ஃபேமிலியா?" என்றார் அவர்.

அம்மா தலையாட்டிவிட்டாள். வேறு என்ன சொல்வாள்? பத்து விரல் நகமும் கறுத்துப்போக இலை கிள்ளியவளுக்கு எஸ்டேட் கொடுத்தது மாதம் ஒரு பொட்டலம் தூள், சலித்ததில் அடியில் தங்குவது. முழு இலை எப்படி இருக்கும் என்று அவள் கையில்தான் தெரியும், வாயில் தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது, நிகில் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாததால் அந்தக் கோபத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் எஸ்டேட்டின் பெயர். நாங்கள் இறங்கிய பிறகு தோட்டம் கைமாறியது தெரியும், இப்படி மாறியது தெரியாது. பெயருக்குக் கீழே ஃபீல்டு ஏழு, கையால் பறித்தது என்று போட்டிருந்தது. வாசித்துச் சொன்னேன். அம்மா அந்த பாக்கெட்டைக் கையில் வாங்கியவள் கீழே வைக்கவே இல்லை. ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம், தகர டின்னில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள். "நான் போயிட்டா என்னைய அப்பா பக்கத்துல கொண்டு போய் வச்சிரு. எடம் விட்டுத்தான் வந்திருக்கேன்." அப்போதே அவளுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. நுரையீரல் சுருங்கிவிட்டது, சரியாகாது என்று தாம்பரத்து டாக்டர் சொன்னார். என்ன வேலை செய்தார் என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றதும், "நல்ல சுத்தமான காத்தாச்சே" என்றார். பூச்சிமருந்து அடித்த மறுநாள் காலையில் அந்தச் சுத்தமான காற்றில் நின்று கொழுந்து கிள்ளியதை அவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

எஸ்டேட்டுக்கு போன் செய்தேன். புது மேனேஜர் இங்கிலீஷில் பணிவாகப் பேசினார். அம்மா இப்போது வேலைப் பதிவில் இருக்கிறாரா என்று கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். அப்படியென்றால் வெளியாள்தான், வெளியாளின் உடலைத் தோட்டத்துக்குள் அனுமதிக்க வழி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். மூன்று தலைமுறை என்றேன். புரிகிறது என்றார். புரிந்துகொண்ட பிறகும் மனிதர்கள் எதையும் மாற்றுவதில்லை. போனை வைப்பதற்கு முன்னால், இப்போது தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் டூர் நடக்கிறது, இலையிலிருந்து கோப்பை வரை எல்லாம் பார்க்கலாம், குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்தார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் அழைத்தார் என்று நினைக்கிறேன்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் இழுத்தேன். எங்கள் ஆட்களில் யாரையும் எரித்ததில்லை, புதைப்பதுதான் வழக்கம். நெருப்பு என்றாலே அவளுக்குப் பயம். சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள். "பொணத்தத்தானே விட மாட்டான்? சாம்பலுக்கு யாரு சீட்டு கேக்கப் போறா. எரிச்சிரு."

மழைக்கு முன்னால் போய்விட்டாள். எரிவாயு தகனமேடையில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அந்தச் சீக்கிரம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எலும்பை என் வீட்டுக்காரர் கோவளம் கடலில் கரைத்தார். சாம்பல் பொடியை மட்டும் நான் அந்தத் தேயிலை டின்னில் எடுத்து வைத்துக்கொண்டேன். எஸ்டேட் பெயர் அச்சிட்ட டின், எஸ்டேட் கேட்டில் பையைத் திறந்து பார்த்தாலும் டின்னைத் தூக்கிப் பார்த்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

மேனேஜர் அழைத்த அந்த டூரில் பதினைந்து பேர் இருந்தோம். வழிகாட்டி கோட்டயத்துப் பையன், தொப்பி போட்டிருந்தான். "சேச்சி, டீ எஸ்டேட் ஃபர்ஸ்ட் டைமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நாங்கள் இருந்த லயத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் விளக்குத் தொங்கவிட்டு, விருந்தினர் தங்க வைத்திருந்தார்கள். அதைத் தாண்டும்போது என் கால் தானாகவே நின்றது, கடைசி ஆள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பாக்டரியில் இலை வாடுவதையும் உருள்வதையும் காட்டினான். பிறகு ஏழாம் நம்பருக்கு ஏற்றிக்கொண்டு போனான். இங்கிருந்துதான் நம் மிகச் சிறந்த இலை வருகிறது, செடி மண்ணில் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும், மண்ணின் குணம்தான் கோப்பையில் வருவது என்றான். காட்டு ஓரத்தில் புல்லைச் செதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். எல்லோரும் உட்காருங்கள் என்றான். அங்கே அந்தக் குரோட்டன்ஸ் என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பெங்களூர்க்காரப் பெண் ஒருத்தி அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது எங்கள் ஆட்கள் மேல். என் அப்பா மேல் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. மொபைல் வேண்டாம், பேச்சு வேண்டாம். காத்தை மட்டும் கேளுங்க. அப்புறம் டீ குடிச்சா வேற மாதிரி இருக்கும்" என்றான். எல்லோரும் மூடினார்கள். அவனும் மூடிக்கொண்டான், அதில் அவன் உண்மையானவன். நான் மட்டும் திறந்திருந்தேன். எழுந்து போய் டின்னைத் திறந்து, அம்மா விட்டுவைத்திருந்த இடத்தில் கொஞ்சம் தூவினேன். பாய்க்கு வெளியே மிஞ்சியிருந்தது ஒரு முழம் மண்தான், அதில் முழுதும் கொள்ளவில்லை. மீதியைப் பக்கத்துத் தேயிலைத் தூர்களில் கவிழ்த்தேன். அழக்கூடாது, அழுதால் சத்தம் கேட்கும். அவன் கண்ணைத் திறக்கச் சொன்னபோது நான் பாயில் இருந்தேன். கையில் ஒட்டியிருந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். எல்லோரும் ரொம்ப அமைதியாக இருந்தது என்று சொன்னார்கள். பிறகு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் வாயில் வைக்காமல் புல்லில் கொட்டிவிட்டேன்.

இந்த வருஷம் கொழுந்து வந்துவிட்டது. போன வாரம் ராஜகீழ்ப்பாக்கத்துக் கடைக்குப் போனேன். நிகில் அம்மாவைக் கேட்டார், சொன்னேன். வருத்தப்பட்டார். புது வரவு, ஃபீல்டு ஏழு, இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். வாங்காமல் வந்துவிடுவது என்றுதான் நினைத்தேன். ஆனால் வாங்கினேன். இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேற்றுக் காலை போட்டேன். போர் தண்ணீர்தான், அம்மா குடித்த தண்ணீர். நிகில் சொன்னபடி கொதி அடங்கவிட்டு ஊற்றினேன். இலை மெல்ல விரிந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், கிள்ளிய இடத்துக் காம்பு உட்பட. கொஞ்ச நேரத்தில் மேலே அதே ஆடை படிந்தது. நான் கரண்டி எடுக்கவில்லை, அப்படியே குடித்தேன். எப்படி இருந்தது என்று யாரும் கேட்காதீர்கள்.

குடித்து முடித்த பிறகுதான் கெண்டியின் அடியில் நனைந்து கிடந்த இலைகளைப் பார்த்தேன். இவற்றை என்ன செய்வது? மக்கும் குப்பை வாங்க வருகிறவளிடம் கொடுக்க என்னால் முடியாது. இரண்டாவது மாடியில் மண் கிடையாது. கீழே காம்பவுண்டு முழுக்க சிமெண்ட். ஏரிக்கரை வரை போகலாம், அங்கே குப்பை எரிகிறது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கி, கடைசிப் படியில் நின்றேன். மறுபடியும் ஒரு கைப்பிடி இடத்துக்குத்தான் நிற்கிறேன்.

எஸ்தர் அக்கா ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, வழக்கம் போலக் கையை நீட்டினார். "சக்கைதானே, குடுங்க." நான் கொடுக்கவில்லை. நானே போட்டுவிடுகிறேன், எந்தத் தொட்டியில் போடட்டும் என்று கேட்டேன்.

"எதுல வேணா போடுங்க, இதுக்கெல்லாமா பர்மிஷன்? மேலாப்ல போட்டா எறும்பு வரும். கொஞ்சம் தோண்டி, மண்ணைப் போட்டு மூடிடுங்க."

விரலால் தோண்டி, வைத்து, மூடினேன். பூ வந்தால் அக்கா பறித்து ஜெபத்துக்கு வைப்பார். வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, செடி அவருடையது.