மெல்லிய குரல் எட்டாத காது

கிளர்ச்சிக்காரனுக்குத் தொண்டைதான் மூலதனம் என்பார்கள். தொண்டை கட்டினால் கஷாயம் உண்டு, காது போனால் என்ன செய்வது என்று எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் போடவில்லை. நரைத்த தோழர்களே, உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். வெளியே சொல்லமாட்டீர்கள். நான் சொல்கிறேன்.

விசில்

திருப்பரங்குன்றம் சாலையில் தடையை மீறி ஊர்வலம். இன்ஸ்பெக்டர் விசில் ஊதியதும் கூட்டம் வயல்களுக்குள் சிதறிவிட்டதாம். கொடியும் கையுமாக நான் மட்டும் நடுச்சாலையில் முழங்கிக்கொண்டிருந்தேன். தோளில் தடி விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம், "விசில் ஊதினார்களா?" என்று உண்மையாகவே கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனை இடித்துச் சொன்னான்: "பாத்தியா மாப்ள, ஊதுனானான்னு கேக்குறாரு! போலீசை இதுக்கு மேல யாரு கேவலப்படுத்த முடியும்?"

டாக்டர்

தோள் ஆறியதும் கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். கவை போட்ட இரும்புக் கம்பிகளைத் தட்டித் தட்டிக் காதருகே பிடித்தார். பெரியது ரீங்கரித்தது. சிறியதைப் பிடித்தபோது, "தட்டுங்கள்" என்றேன். தட்டித்தான் பிடித்திருந்தாராம்.

வயதானால் மேல் சுருதிதான் முதலில் போகும். ஆண்கள் பேச்சு கேட்கும், சந்தடியில் பெண்கள் குரல் நழுவிவிடும். மருந்து கிடையாது என்றார். அரசாங்கத்தையே அசைத்தவனுக்கு இது ஒரு நோயா என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்: "நீங்க மைதானத்துல போட்ட சத்தத்துக்கு எங்க காதுல்ல போயிருக்கணும்!"

ஏகமனதாக

மில் வாசல் கூட்டங்களில் நாங்கள் கை தூக்கச் சொல்வதில்லை. எந்தக் கை தூக்கியது என்று மேஸ்திரி பார்த்து வைத்து, வேலையை விட்டு நிறுத்திவிடுவான். அதனால் சத்தம்தான் ஓட்டு. மேடையில் நிற்பவன் காதுதான் தீர்ப்பு.

அதன்பின் வந்த ஒரு வேலைநிறுத்தத்தில் முதலாளி ஆண்களுக்கு மட்டும் கூலி உயர்த்தச் சம்மதித்தார். "ஏற்கலாமா?" என்றேன். முன்னால் நின்ற ஆண்கள் இடிபோல் முழங்கினார்கள். "மறுப்பவர் உண்டா?" என்றேன். முன்வரிசையில் இன்னும் ஆரவாரம் அடங்கவில்லை. பின்னால் நூல் சுற்றும் பெண்கள் கையை உயர்த்தாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்தேன். "ஏகமனதாக" என்று அறிவித்தேன். அன்றே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

மறுநாள் அந்தப் பெண்களில் ஒருத்தி, இருளாயி, வழிமறித்து நெருங்கி நின்று சொன்னாள்: "வேணாம்னு தொண்டை கிழியக் கத்துனோம்ண்ணே. நீங்க எங்களப் பாத்துக் கும்புட்டுட்டு எறங்கிப் போனீங்க."

கமிட்டி

கமிட்டியைக் கூட்டி, என் காது பழுது, அந்த ஓட்டு செல்லாது, மறுபடி கேட்போம் என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்பதை நீங்களாவது அறிவீர்கள். ஆண்களின் கூலி ஏறியாகிவிட்டது. யாருக்கும் மறுபடி கேட்க மனமில்லை. காரியதரிசி, நான் மேடையேற்றி வளர்த்தவன், என் காதோரம் குனிந்து உரக்கச் சொன்னான்: "வீரர்னு பேரெடுத்தாச்சு. செவிடர்னு எதுக்குண்ணே பேரு? பேசாம இருங்க."

கூலிக்காரர் குரல் மேலே எட்டுவதில்லை என்று ஊர் ஊராக முழங்கிய எனக்கு, எட்டாமல் போக ஒரு மேடையின் உயரமே போதும் என்று தெரிய இத்தனை வயது ஆகவேண்டியிருந்தது.