அறுவடைவரை சாகாதவர்

பாலித் தீவின் பதுங் நாட்டில் பான் சாத்ராவின் வேலை தண்ணீரைப் பங்கிடுவது. பான் சாத்ரா என்றால் சாத்ராவின் அப்பா; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தென்னை மரத்தில் வெட்டுகள் போட்டு வாய்க்காலுக்குக் குறுக்கே கிடத்துவார். ஒரு வயலுக்கு நாலு விரல் அகலம். தன் வயலுக்கும் நாலு விரல்தான். முப்பது ஆண்டுகளில் அவர்மேல் வந்த ஒரே புகார், அவர் விரல் தடிமன் என்பது. அவர் விரல் வைத்துக் காட்ட, வெட்டுகளை அளந்து செதுக்குவது மகன் சாத்ரா.

டச்சுப் படை சனூர் கரையிலிருந்து நெருங்கிய காலையில் பான் சாத்ரா வெள்ளை உடுத்தி அரண்மனைக்குப் போனார். அரசர் சரணடையாமல் தன் ஆட்களோடு துப்பாக்கிகளுக்கு எதிரே நடக்கப் போகிறார், யாரும் திரும்பமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

“மடையை மூடிட்டியா?” என்று மட்டும் மகனிடம் கேட்டார்.

சாயங்காலம் சாத்ரா போய்ப் பார்த்தான். முச்சந்தி மரத்திலிருந்து ஏழாவது ஆள் அப்பா. மார்பில் இரண்டு துளைகள். சிப்பாய்கள் அவனை விரட்டினார்கள். பிறகு எல்லா உடல்களையும் சேர்த்து எரித்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் கடைமடைக்காரர் கெரெதெக் காத்திருந்தார்.

“அப்பாவப் பார்த்தியா?”

சாத்ரா குடத்தைச் சாய்த்துக் கால் கழுவினான்.

“யோசிச்சுச் சொல்லு தம்பி. பார்த்தேன்னு சொன்னா உங்க வீட்டுக்குத் தீட்டு. கோயிலுக்குள்ள கால் வைக்க முடியாது. அஞ்சு நாள்ல பூசை போட்டு மடை திறக்கணும், உங்க குடும்பத்து ஆளுதான் திறக்கணும். யாரு, தனி வீட்டுல இருக்கிற உன் சித்தப்பனா? மடையத் திறன்னா கள்ளுப் பானையத் திறப்பான்.”

நாற்றுக்கு இருபது நாள் வயது; இன்னும் ஒரு வாரத்தில் நடாவிட்டால் முற்றிவிடும். தீட்டு நாற்பத்திரண்டு நாள். அந்தத் தண்ணீரை நம்பி அறுபது வீடுகள்.

“பார்க்கல,” என்றான் சாத்ரா.

“அப்ப வரட்டும். எங்க போயிடப் போறாரு,” என்று கெரெதெக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் சாத்ரா கோயிலுக்குள் போனான். தீட்டோடு போகிறவனைச் சாமி அடிக்கும் என்பார்கள். அடிக்கவில்லை. அவன் மடையைத் திறக்க, தண்ணீர் வெட்டுகளில் சமமாகப் பிரிந்து ஓடியது.

அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவன் அழவில்லை. மனைவியையும் அழவிடவில்லை. யாராவது விசாரித்தால், “இன்னும் வரல,” என்பாள் அவள். ஆறு மாதம்.

கடைசிக் கதிர்க்கட்டு களஞ்சியத்துக்குள் போன அன்று பூசாரியிடம் போனான்.

“அப்பா செத்துட்டாரு, சாமி.”

“எப்ப?”

“இன்னைக்கு.”

பூசாரி ஓலையைப் பிரித்தார். காரியத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

“இனிமே அழலாம்,” என்றாள் மனைவி. அவள் குரல் ஏற்கெனவே உடைந்திருந்தது.

சாத்ரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழப் பார்த்தான். வரவில்லை.